ஆறு தந்தியும் ஒரு சிரட்டைத் துண்டும்

“அப்பா, கொழும்புக்குப் போனால் எனக்கு நாலைந்து பிக் வாங்கிக்கொண்டு வாங்கோ” என்று எமது மகள் சொன்னபோது, விறாந்தையில் அமர்ந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த எமது மாமியார் திடுக்கிட்டுத் தலை நிமிர்ந்தார். “நாலைந்து பிக்குவோ? அவையள் ஏன் பிள்ளை இங்கை?” என்று வினவினார். வீடு முழுவதும் சிரித்தது. பிக்கு வேறு, பிக் வேறு என்பதை மகள் தன் அம்மம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் முருங்கையிலை அரைவாசி வாடிவிட்டது.

அம்மம்மாவைப் போன்றோர் வாசகர்களுள்ளும் இருத்தல் கூடும். கிற்றார் வாசிப்போர் வலக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிற் பிடித்துத் தந்திகளை மீட்டும் சிறு தகட்டையே பிக் என்பர். முனை மழுங்கிய முக்கோண வடிவம். பெருவிரல் நகத்திலும் சற்றே பெரிது. தடிப்போ பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குச் சிறிது கூடவோ குறையவோ இருக்கும். மேசை இடுக்கில் விழுந்தால் தேட வேண்டிய பொருள். இத்துணைச் சிறிய பொருள் ஒன்று எம்மை ஏழு மாதங்கள் அலைத்தது என்றால் நம்புவது அரிது. ஆயினும் அதுவே நடந்தது.

எமக்கு அகவை 46. வடபுலத்துக் கல்லூரியொன்றில் இரசாயனவியல் கற்பிக்கின்றோம். இசையறிவு என்று சொல்லிக்கொள்ள எம்மிடம் யாதுமில்லை. கோயிற் பஜனையிற் பிறர் பாடுங்கால் கைத்தாளம் போடுவதோடு எமது சங்கீதம் முடிந்துவிடும். அத்தகைய நாம், தலை நரைக்கத் தொடங்கிய பின்னர் கிற்றாரைக் கையில் எடுத்தமைக்குக் காரணம் எமது தமையனார்.

அவர் எமக்கு ஆறு ஆண்டு மூத்தவர். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிகளும் தடை செய்யப்பட்டிருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்ட காலம் அது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கே எமக்குக் கல்வி விளக்கு. அந்நாளில், தேவாலயப் பாடகர் குழுவிலிருந்த நண்பர் ஒருவரிடமிருந்து தமையனார் பழைய கிற்றார் ஒன்றைப் பெற்று வந்தார். “பறங்கி வாத்தியம் சைவ வீட்டுக்குள்ளை எதுக்கு?” என்று எமது ஆச்சி ஒரு கிழமை முணுமுணுத்தார்.

ஆச்சி சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. இந்நாட்டின் பைலா இசை போர்த்துக்கேயர் வழியாக வந்த மரபினின்று கிளைத்ததே. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்கள் கிற்றாரும் வயலினும் இசைத்து ஆடும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளன. பின்னர் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழிற் பாடிய பொப் இசைப் பாடல்களோடு 1970களில் கிற்றார் தமிழ் வீடுகளின் முற்றங்களையும் எட்டியது. ஆச்சியின் முணுமுணுப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் ஓய்ந்தது. அன்று தமையனார் அவ்வாத்தியத்தில் ஒரு தேவாரத்தின் பண்ணைத் தடவித் தடவி வாசித்தார். ஆச்சி ஒன்றும் சொல்லாது திருநீற்றுத் தட்டை நீட்டினார்.

தமையனார் தாமே அமைத்த மெட்டு ஒன்றும் இருந்தது. அதற்குச் சொற்கள் இல்லை. நான்கு வரி அளவே நீளும். அந்தி வேளையிற் கிணற்றுக்கட்டில் அமர்ந்து அதனை மீண்டும் மீண்டும் வாசிப்பார். புதிய தந்தி வாங்க வழியில்லாதபடியால், ஆறு தந்திகளுள் இரண்டு சைக்கிள் பிறேக் கம்பியினின்று பிரித்தெடுத்த இழைகள். அவற்றின் சுருதி அடிக்கடி இறங்கிவிடும். ஆனால் அந்த மெட்டு மட்டும் எமது செவியில் இறங்கவேயில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, நாமும் மழையில் நனைந்தவாறு புறப்பட்டோம். இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்றில் ஆச்சி, மற்றொன்றில் அரிசியும் பாத்திரங்களும். கிற்றார் அறைக் கதவின் பின்னே ஆணியில் தொங்கியது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது ஆணி இருந்தது. 1997இல் தமையனார் கனடா சென்றார். அங்கே இரவுப் பணியும் பகற் பணியுமாகப் பல்லாண்டு உழைத்து எமது குடும்பத்தைத் தாங்கினார். கிற்றார் ஒன்று வாங்கிக்கொண்டதாக ஒருமுறை தொலைபேசியிற் சொன்னார். வாசிக்க நேரமில்லை என்றும் சொன்னார்.

ஈராண்டுகளுக்கு முன்னர் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. உயிர் பிழைத்தார், பேச்சும் திரும்பியது. வலக்கை திரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தொலைபேசியிற் கூறிய சொற்கள் எம்மை விட்டு நீங்கவில்லை. “தம்பி, அந்த மெட்டு எனக்கு நினைவிருக்கு. கைக்குத்தான் நினைவில்லை. நீ ஒருக்கா வாசிச்சுக் காட்டு” என்றார்.

உலகில் அம்மெட்டை அறிந்தோர் இருவரே. ஒருவர் கை ஓய்ந்துவிட்டது. மற்றவர் கை இன்னும் தொடங்கவேயில்லை. எழுதிவைத்த சுரக்குறிப்பும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. நாம் வாசிக்கத் தவறினால் அஃது எம்மிருவரோடும் போய்விடும். இதனை எண்ணிய அன்றிரவே, எமது மகளின் கிற்றாரை மடியில் வைத்தோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவளே எமது குரு ஆனாள்.

இடக்கை விரல்நுனிகள் தந்தியில் அழுந்தி நொந்து, பின்னர் காய்த்துப் போவதைக் கற்போர் அனைவரும் அறிவர். அதற்கு நாட்களே மருந்து. எமக்கு இடர் தந்தது வலக்கை. மகளிடம் இருந்த ஒரே பிக் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் எமது விரலிடுக்கினின்று நழுவி, கிற்றாரின் வட்டத் துளை வழியே அதன் வயிற்றுக்குள் விழுந்தது. வாத்தியத்தைக் கவிழ்த்துப் பிடித்து, மாம்பழம் உலுக்குவது போல் உலுக்கினோம். எமது இல்லாள் குசினி வாசலில் நின்று, “இஞ்சாருங்கோ, வாசிக்கிறதுதானே பேச்சு? இதென்ன சுளகிலை புடைக்கிற மாதிரி?” என்று கேட்டார். அவ்வாறு உலுக்கியும் கிடையாது போனதன் பின்னரே கொழும்பிலிருந்து பிக் வாங்கி வரும் பேச்சு எழுந்தது.

உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்பு சென்ற நாம், ஒரு மாலை இசைக்கருவிக் கடையொன்றினுட் புகுந்தோம். பிக் ஒன்று தருமாறு கேட்டோம். கடை இளைஞர் கண்ணாடிப் பெட்டியொன்றை எம்முன் வைத்து, எந்தத் தடிப்பு வேண்டும் என்றார். அதனுள்ளே நூற்றுக்கணக்கானவை! ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது. இரசாயனவியல் ஆசிரியருக்குச் சோதனைக்கூடத்துப் போத்தல்களைக் கண்டாற் போல் ஆயிற்று. வகைக்கு ஒன்றாக ஐந்து வாங்கினோம்.

இவற்றின் வரலாறு சுவையானது. மாணவர்க்குப் பயன்படும் என்பதால் ஈண்டுச் சிறிது கூறுவோம். முற்காலத்தில் மிகச் சிறந்ததென மதிக்கப்பட்டது கடலாமை ஓட்டினாற் செய்த பிக். அழுங்காமை எனும் ஆமையின் முதுகோடு அது. எமது நாட்டுக் கடற்கரைகளுக்கு முட்டையிட வரும் ஐந்து இனங்களுள் அழுங்காமையும் ஒன்று. அதன் ஓட்டிற் சீப்பும் பெட்டியும் செய்யும் கைவினை காலி நகரில் முன்னாளிற் சிறந்திருந்தது. சீப்புக்கும் பிக்குக்குமாக வேட்டையாடப்பட்டு அவ்வினம் அருகியது. அருகும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இற் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கை, அவ்வோட்டின் வணிகத்தைத் தடுத்தது. இந்நாட்டுச் சட்டமும் கடலாமைகளைக் காக்கிறது.

ஆமையோட்டுக்கு மாற்றாக முதலில் வந்தது செலுலொயிட். பில்லியர்ட் பந்துக்கு யானைத் தந்தத்திற்குப் பதிலாக ஒரு பொருள் தேடிய அமெரிக்கரான ஜோன் வெஸ்லி ஹயற் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை உருவாக்கினார். தாவர நாரின் செலுலோசை நைத்திரிக் அமிலத்தால் மாற்றி, அதனோடு கற்பூரம் சேர்த்துப் பிசைந்தால் வருவது செலுலொயிட். ஆம், கோயிலில் நாம் ஒளி காட்டும் அதே கற்பூரம்! மேசைப் பந்தாட்டப் பந்துகளும் 2014ஆம் ஆண்டளவு வரை இதனாலேயே செய்யப்பட்டு வந்தன. எளிதிற் தீப்பற்றும் என்பது இதன் குறை. நியூயோர்க்கில் வாழ்ந்த லூயிஜி டி அந்திரேயா என்பார் 1922இற் செலுலொயிட் தகட்டினின்று பிக் வெட்டி விற்கத் தொடங்கினார். இன்றும் உலகெங்கும் மிகுதியாக விற்கும் வடிவம் அவர் நிறுவனத்தின் வரிசையில் 351 என்னும் இலக்கம் பெற்றதே. 1935இற் கண்டறியப்பட்ட நைலோனும் பின்னாளில் இத்தொழிலுக்கு வந்து சேர்ந்தது. 1981இல் ஜிம் டன்லொப் என்பார் ஆமையோட்டின் இயல்புக்கு அண்மையதான டோர்டெக்ஸ் என்னும் வகையை வெளியிட்டார். ரயர் செய்யும் டன்லொப் அன்று இது. ஸ்கொத்லாந்திற் பிறந்து கலிபோர்னியாவில் தொழில் நடத்தியவர் இவர். இவ்வகையிலே தடிப்புக்கு ஒரு நிறம் உண்டு. சிவப்பு 0.50 மில்லிமீற்றர், செம்மஞ்சள் 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.00, ஊதா 1.14. எழுத்தறியாதாரும் நிறத்தைக் கண்டு தமக்குரியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து பிக்குகளோடும் ஊர் திரும்பி, நாளுக்கு ஒன்றாகப் பயின்றோம். 0.46 மில்லிமீற்றர் நைலோன் தகடு கடதாசி போல் வளைந்தது. ஆறு தந்திகளையும் ஒருங்கே வருடித் தாளம் போடுவதற்கு அது மிக நன்று. எமது கையின் முரட்டுத்தனத்தை அது தன் வளைவால் மன்னித்துவிடும். ஆனால் ஒரு தந்தியைத் தனித்து மீட்டினால், தகடு வளைந்து பின் விடுபடும் ‘படக்’ என்ற ஓசையே முன்னால் வந்தது. சுரம் பின்னால் வந்தது. மறுபுறம், 1.38 மில்லிமீற்றர்த் தடிப்பும் கூரிய முனையும் உடைய சிறிய பிக் சிறிதும் வளையவில்லை. கைதேர்ந்தவர் கையில் அது விரைவாகவும் தெளிவாகவும் பேசும். எமது கையிலோ, செய்த பிழை ஒவ்வொன்றையும் ஊருக்கு அறிவித்தது. கூரிய முனை தந்தியைத் தீண்டும்போது உயர்ந்த உபசுரங்கள் மிகுதியாக எழுந்து ஒலி பளிச்சிடும். உருண்ட முனை தீண்டினால் அவை குறைந்து ஒலி கனிந்துவிடும். தந்தியைப் பாலத்துக்கு அருகே மீட்டினாலும் நடுவே மீட்டினாலும் இதே வேறுபாட்டைக் கேட்கலாம். இயற்பியலில் எழுதிப் படித்ததை நாம் காதாற் படித்தது அப்போதுதான்.

ஒவ்வோர் இரவும் மகள் கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கு 60 தட்டு என்று தாளத்தை ஓடவிடுவாள். ஒரு தட்டுக்குக் கீழ்நோக்கி ஓர் அடி, மேல்நோக்கி ஓர் அடி. அடி மாறாமல் மாறிமாறி வரவேண்டும். பிக்கின் நுனி சில மில்லிமீற்றர் மட்டுமே விரலுக்கு வெளியே தெரிய வேண்டும். மணிக்கட்டு அசைய வேண்டும், முழங்கை அசையலாகாது. நாம் ஒவ்வொரு முறையும் பிக்கை நழுவவிட்டோம். நழுவுகிறதே என்று மேலும் இறுகப் பிடித்தோம். இறுகப் பிடிக்கவே கை மரத்து மேலும் நழுவியது.

“அப்பா, ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்கள்? விட்டுப் பிடியுங்கோ. விழுந்தால் எடுக்கலாந்தானே” என்றாள் அவள்.

இச்சொல் எமக்கு வேறொன்றை நினைவூட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நிறையக் கேள்வி கேட்பான். பாதிக் கேள்விகள் பாடத்துக்குப் புறம்பானவை. பரீட்சைக்கு நாள் நெருங்குகின்றதே என்ற பதற்றத்தில், ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்து இருத்தினோம். அதன்பின் அவன் கேள்வி கேட்கவேயில்லை. சித்தியடைந்தான், ஆனால் அடைய வேண்டிய அளவுக்கு அடையவில்லை. அவனை நாம் நழுவ விட்டது கவனக்குறைவால் அன்று, இறுகப் பிடித்தமையால். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலிற் கல்லாத இதனை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கற்றோம்.

மூன்றாம் மாத முடிவில் மெட்டு ஒருவாறு கைக்கு வந்தது. மெல்லிய பிக்கினால் வாசித்து, மகள் அதைப் பதிவு செய்து தமையனாருக்கு அனுப்பினாள். மறுநாள் மறுமொழி வந்தது. “தகரக் கூரையிலை மழை பெய்யிற மாதிரி இருக்கு” என்றார். தடித்த பிக்கினால் வாசித்து அனுப்பினோம். “இது கல்லுடைக்கிற சத்தம்” என்றார். மஞ்சள் நிற 0.73ஐ எடுத்து, மேலும் மூன்று கிழமைகள் பயின்று அனுப்பினோம். இம்முறை அவர் சிரிக்கவில்லை. “நல்லாயிருக்கு தம்பி. சுரமெல்லாம் சரி. ஆனால் அது அதில்லை” என்றார்.

எது குறை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாம் பலவற்றையும் முயன்றோம். பிக் இல்லாமற் பெருவிரலின் சதையால் மீட்டினோம். அமெரிக்க ஜாஸ் மேதை வெஸ் மொன்ற்கோமரி அவ்வாறே வாசித்துப் புகழ் பெற்றவர். இங்கிலாந்தின் பிரையன் மே ஆறு பென்ஸ் நாணயத்தையே பிக்காகப் பயன்படுத்துபவர் என்று அறிந்து, நாமும் ஒரு நாணயத்தால் மீட்டிப் பார்த்தோம். மகள் தன் கிற்றாரின் தந்தி தேயும் என்று எமது கையினின்று அதைப் பறித்துக்கொண்டாள். ஸ்பானிய மரபில் வாசித்த அந்திரேஸ் செகோவியா போல நகத்தால் மீட்டலாம் என்றால், சுண்ணக்கட்டி பிடிக்கும் ஆசிரியரின் நகம் அதற்கு ஆகவில்லை. ஐந்தாம் மாதமும் கழிந்தது. தமையனார் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுவே எமக்கு மிகவும் வருத்தமாயிருந்தது.

ஒரு போயா விடுமுறை நாளில், மீட்டும் கருவிகளைப் பற்றிப் பொதுவாக வாசித்துக்கொண்டிருந்தோம். அராபியர் தம் ஊத் எனும் வாத்தியத்தைப் பறவை இறகின் காம்பினால் மீட்டி வந்தனர். அதற்குரிய பெயரே இறகு எனப் பொருள்படும். யப்பானியர் பீவாவை விசிறி போன்று அகன்ற மரத்தகட்டால் மீட்டுவர். சித்தாரை விரலில் மாட்டும் கம்பி வளையத்தால் மீட்டுவர். வட இந்தியரின் சரோட் வாத்தியத்தை மீட்டும் துண்டு தேங்காய்ச் சிரட்டையாற் செய்யப்படுவது.

சிரட்டை என்ற சொல்லைக் கண்டதும் எமது கை நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு காட்சி மனத்தில் எழுந்தது. எமது தாயார் குசினியிலிருந்து குரலெழுப்புகிறார்: “என்ரை அகப்பையை உடைச்சது ஆர்?” தமையனார் கிணற்றடிச் சீமெந்துத் தரையிற் குந்தியிருந்து எதையோ தேய்க்கிறார். வழவழவென்ற கரிய துண்டொன்று. பின்னர் அதனைச் சட்டைப் பைக்குள் மறைக்கிறார். கடையில் பிக் இல்லாத அக்காலத்தில், தாயாரின் அகப்பைச் சிரட்டையே அவருக்குப் பிக் ஆயிற்று! வாசிக்கும்போது அது விரல்களுக்குள் மறைந்திருந்ததால் நாம் அதனைக் கண்டதே அரிது. கண்டதையும் மறந்துபோனோம். அவரும் மறந்துவிட்டார். அவருடைய செவி மட்டும் மறக்கவில்லை.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். முற்றிய தேங்காயின் சிரட்டை வேண்டும். இளஞ்சிரட்டை காய்ந்தாற் பிளக்கும். தும்பைச் சுரண்டி நீக்கி, வளைவு குறைந்த இடமாகப் பார்த்துச் சிறு வாளால் அறுத்தோம். முதலிரு துண்டுகள் உடைந்தன. மூன்றாவதைச் சீமெந்துத் தரையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். பின்னர் மட்டத்தாளிட்டு விளிம்பை உருட்டினோம். இறுதியில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவினோம். இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பு. சிரட்டையின் இயல்பான வளைவு பெருவிரலின் சதையிற் குழிந்து பொருந்தியதால், இறுகப் பிடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாமியார் அதனைக் கையில் வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்து, “இதுக்கே கொழும்புக்குப் போனனீங்கள்?” என்று கேட்டார்.

மீட்டினோம். செலுலொயிட்டின் பளிச்சிடும் ஒலியும் இல்லை. நைலோனின் படபடப்பும் இல்லை. சற்றே கனிந்த சுரம். அதன் தொடக்கத்தில் மெல்லிய ஒரு கரகரப்பு. கிணற்றுக் கப்பியின் ஓசை தூரத்திற் கேட்பது போன்ற அந்தக் கரகரப்பை நாம் அறிவோம். அதனை எமது செவி பதினாறு வயதிற் கேட்டிருந்தது.

மறுவாரம் ஞாயிறு இரவு. கனடாவில் அப்போது காலை நேரம். இம்முறை பதிவு அனுப்பவில்லை. தொலைபேசியை மேசையில் நிறுத்திவிட்டு நேரே வாசித்தோம். நான்கு வரிகள். ஈரிடத்தில் விரல் தடுமாறியது. முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தோம். தமையனார் பேசவில்லை. அவருடைய இடக்கை நாற்காலியின் கைப்பிடியிற் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாம் நிறுத்திய பின்னரும் அது நிற்கவில்லை. சிறிது நேரம் கழித்து, “இரண்டாம் வரியிலை மூன்றாவது அடி மேலை போக வேணும். நீ கீழை அடிக்கிறாய். திருப்பி வாசி” என்றார். 

எம்மை அவர் கடிந்தது அன்று எமக்கு எவ்வளவு இன்பமாயிருந்தது! திருப்பி வாசித்தோம். அதன்பின் அம்மாவின் அகப்பையைப் பற்றியும், ஆச்சியின் திருநீற்றுத் தட்டைப் பற்றியும், கதவின் பின்னிருந்த ஆணியைப் பற்றியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். 1995ஐப் பற்றி எம்மிருவரிடையே அதுவரை அத்துணைப் பேச்சு நிகழ்ந்ததில்லை.

அவர் ஒன்று கேட்டார். தமக்கும் அத்தகைய ஒன்று செய்து அனுப்புமாறு. அவர் வலக்கையால் வாசிக்க இயலாதென்பதை இருவரும் அறிவோம். எனினும் செய்தோம். கடித உறையில் வைத்து அனுப்பினோம். அது போய்ச் சேர நாலைந்து கிழமைகள் சென்றன. இப்போது ஒவ்வொரு காலையும், கைக்குச் சொல்லப்பட்ட பயிற்சிகளோடு, வலக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அதனை வைத்துப் பிடித்துப் பார்க்கின்றாராம். முதலில் மூன்று எண்ணும் வரை நின்றதாம். சென்ற ஞாயிறு பதினொன்று எண்ணியதாகச் சொன்னார். மருத்துவர் இதற்கு என்ன சொல்வார் என்பதை நாம் கேட்கவில்லை.

இசை பயில விரும்பும் இளைஞர்க்கு எமது அனுபவத்தினின்று சொல்லத்தக்கது சிறிதே. ஒரே பிக்கில் நிலைத்துவிடாது, மெல்லியது, நடுத்தரமானது, தடித்தது என மூன்றையாவது வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு கிழமை பயிலுங்கள். ஒன்று தாளத்துக்கு உதவும். ஒன்று தனிச் சுரத்துக்கு உதவும். ஒன்று உங்கள் பிழையை உங்களுக்குக் காட்டும். விலையாற் சிறந்தது உங்களுக்குச் சிறந்தது என்று எண்ணற்க. தாளத்தை மெதுவாக ஓடவிடுங்கள். விழுந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கு ஒன்று. வீட்டில் மூத்தோர் எவரேனும் தாமே அறிந்த ஒரு பாட்டையோ மெட்டையோ முணுமுணுக்கக் கேட்டால், அன்றே அதனைப் பதிவு செய்து வையுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். எமது மெட்டு இப்போது மூவருக்குத் தெரியும். மூன்றாமவள் எமது மகள். அவள் அதனை எம்மிலும் நன்றாக, தனக்குப் பிடித்த மஞ்சள் பிக்கினால் வாசிக்கின்றாள். அது தமையனாரின் ஒலி அன்று. அவரும் அதனைக் கேட்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அவள் ஒலி இருக்கட்டும் என்றார்.

எமது வகுப்பறையிலும் இப்போது ஒரு சிறு மாற்றம். பாடத்துக்குப் புறம்பான கேள்வி வந்தால், சட்டைப் பையிற் கிடக்கும் சிரட்டைத் துண்டைக் கை தானாகத் தொட்டுப் பார்க்கின்றது. பின்னர் அக்கேள்விக்கு விடை சொல்கின்றோம்.